அடம் வருவதற்கு முன்பே தொடங்கும் வேலை: சின்னப் பிள்ளைகளைக் கத்தாமல் வழிநடத்த

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் கிளம்பும் அவசரத்தில் அவளுடைய இடது கால் ஷூவை நான் மாட்டிவிட்டேன். அவ்வளவுதான். "நாந்தான் போடுவேன்!" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். எங்கேயோ படித்தது ஞாபகம் வர, நானும் தரையில் உட்கார்ந்து மெதுவான குரலில் "உனக்குக் கோபமா இருக்கு, இல்லையா?" என்றேன். அலறல் கூடியது. "வலது கால் முதல்லயா, இடது கால் முதல்லயா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஷூ என் முழங்காலில் வந்து விழுந்தது. கடைசியில் நானும் கத்தி, அவளை வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

படித்ததில் தப்பில்லை. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் போனதுதான் தப்பு. அடிக்காமல், அன்போடு எல்லை போட்டுப் பிள்ளை வளர்க்கும் 'நல்வழிப் பெற்றோர்மை' என்ற முறையின் கருவிகளில் முக்கால்வாசி, வீடு அமைதியாக இருக்கும்போது பழக வேண்டியவை. அந்தப் பழக்கம் இல்லாமல், அடத்தின் நடுவில் புதிதாக ஒரு வசனத்தைப் பேசினால் பிள்ளைக்கு அது வேற்று மொழி. அதனால் இந்த வழிகாட்டியில் அடத்தைச் சமாளிப்பது ஆறாவது படியாகத்தான் வருகிறது. நேராக அங்கே தாவ வேண்டும் என்று தோன்றும். தாவாதீர்கள்.

ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் இது பொருந்தும். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கண்டிப்பு என்று ஒன்று தேவையே இல்லை. எட்டக்கூடாத பொருளை எடுத்து மேலே வையுங்கள், கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள், போதும்.

முதல் படி: வயதுக்கு என்ன முடியும் என்று தெரிந்துகொள்வது

"எத்தனை தடவை சொல்றது? புரிஞ்சுக்கிட்டே செய்யுது!" என்று நாம் எல்லோருமே புலம்பியிருக்கிறோம். புரிவது உண்மைதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு "தொடாதே" என்றால் புரியும். நீளும் கையை நிறுத்துவதுதான் முடியாது. ஆசையை அடக்குவது, காத்திருப்பது, திட்டமிடுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. அது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். சிலசமயம் 'இல்லை' என்று தலையாட்டிக்கொண்டே அந்தப் பொருளைத் தொடும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அது திமிர் இல்லை. விதி தலைக்குள் வந்துவிட்டது, கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அடிக்காமல் வளர்ப்பது என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோரின் போக்கை மூன்றாகப் பிரித்தார். கண்டிப்பு மட்டும் இருந்து அன்பைக் காட்டாதவர்கள் ஒரு வகை. அன்பு காட்டி எல்லை போடாதவர்கள் இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தவர்கள் மூன்றாவது. நாம் இங்கே பேசுவது அந்த மூன்றாவதைப் பற்றி. 'வேண்டாம்' என்ற சொல் இதில் தாராளமாக உண்டு.

இரண்டாம் படி: மூன்று நாள் குறிப்பு

ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். ஒவ்வொரு அடத்துக்கும் ஒரு வரி. மூன்று நாளைக்கு வேறெதையும் மாற்ற வேண்டாம்.

நான்காவது பத்தியை நேர்மையாக எழுதுவதுதான் கஷ்டம். "கத்தினேன், அப்புறம் ஃபோனைக் கொடுத்துவிட்டேன்" என்று நம் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. என் தாளில் அடங்களில் பெரும்பாலானவை மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே விழுந்திருந்தன. பசி, களைப்பு, வேலையிலிருந்து வந்ததும் நான் ஃபோனில் மூழ்கியிருந்தது என மூன்றும் ஒன்றுசேரும் நேரம் அது. சாப்பாட்டை அரைமணி நேரம் முன்னால் தள்ளியதில் கொஞ்சம் அடம் தானாகவே போயிற்று. அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

தூக்கத்தையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தேவை. திரை பார்ப்பது இரண்டு வயதுக்குள் வேண்டாம், அதன் பிறகு நான்கு வயது முடியும்வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். தூக்கம் போதாத பிள்ளையிடம் எந்த உத்தியும் எடுபடாது.

மூன்றாம் படி: தினமும் பத்து நிமிட விளையாட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் அமெரிக்காவில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை சிகிச்சை முறையில் பெற்றோருக்குத் தரப்படும் வீட்டுப்பாடமே தினமும் ஐந்து நிமிட விளையாட்டுதான். கடுமையாக அடிக்கும், உடைக்கும் பிள்ளைகளுக்கான சிகிச்சைகூட அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் பத்து நிமிடம் வைத்துக்கொண்டேன். முதல் மூன்று நிமிடம் என் மனசு அலுவலகத்திலேயே இருந்தது.

முறை இதுதான். ஃபோனை வேறு அறையில் வையுங்கள். தரையில் உட்காருங்கள். கட்டைகள், களிமண், காகிதம் மாதிரி தோல்வி வெற்றி இல்லாத பொருளாக எடுங்கள். பிள்ளை என்ன செய்கிறதோ அதன் பின்னால் நீங்கள் போக வேண்டும். கட்டளை கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது.

கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளை சிவப்புக் கட்டையை எடுத்தவுடன் "இது என்ன கலர்?" என்று நம் வாய் தானாகக் கேட்கும். அந்த நொடியே விளையாட்டு தேர்வாகிவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி, நடப்பதைச் சொல்லுங்கள். "சிவப்புக் கட்டையை நீலத்து மேல வைக்கிற. இப்போ இன்னொண்ணு. ஆடுது... கையால பிடிச்சுட்ட." பிள்ளை "இது பஸ்" என்றால் "ஓ, இது பஸ்" என்று அதையே திருப்பிச் சொல்லுங்கள். பஸ்ஸுக்குச் சக்கரம் இல்லையே என்று சொல்ல நாக்கு துடிக்கும். விடுங்கள். முதல் நாள் இதெல்லாம் நாடகம் மாதிரி இருக்கும், பிள்ளையே உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும். நான்காவது, ஐந்தாவது நாளில் பழகிவிடும்.

முடிக்கும்போது முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி முடியுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் தனித்தனியாக. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அன்றைக்குப் பிள்ளை எவ்வளவு படுத்தியிருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை ரத்து செய்யக்கூடாது. இது பரிசில்லை, மருந்து மாதிரி. காய்ச்சல் கூடிவிட்டது என்று யாரும் மருந்தை நிறுத்துவதில்லை.

நான்காம் படி: பாராட்டைக் குறிபார்த்துச் சொல்வது

"வெரி குட்", "சமத்து" என்று பொதுவாகச் சொன்னால் எதற்குச் சொன்னோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. பார்த்ததைச் சொல்லுங்கள். "தம்பி அழுததும் உன் பொம்மையை அவன்கிட்ட நீட்டின. பார்த்தேன்." அவ்வளவு போதும்.

பிள்ளையின் புத்தியைப் பாராட்டுவதைவிட அது எடுத்த முயற்சியைப் பாராட்டுவது நல்லது. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள். ஆனாலும் "விழுந்தாலும் திரும்பத் திரும்ப அடுக்கின" என்று சொல்லும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

பாராட்டுக்கு வால் மட்டும் வைக்காதீர்கள். "இன்னிக்கு எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டியே, தினமும் இப்படி இருந்தா என்ன?" இதில் இரண்டாவது பாதி முதல் பாதியைத் தின்றுவிடும்.

ஐந்தாம் படி: சொல்வதைச் சொல்லும் விதம்

அடுத்த அறையிலிருந்து கத்திச் சொல்வதைப் பிள்ளை 'கேட்கவில்லை' என்று புகார் சொல்ல நமக்கு உரிமையில்லை. பக்கத்தில் போங்கள், கண்மட்டத்துக்குக் குனியுங்கள், பெயரைச் சொல்லுங்கள், ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கேட்டதைச் செயலாக்க நேரம் வேண்டும். நாம் இரண்டாவது நொடியிலேயே மறுபடி சொல்லி, மூன்றாவதில் குரலை உயர்த்தி, முழு வேகத்தில் போய்விடுகிறோம்.

செய்யக்கூடாததைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வது எளிதில் ஏறும். "ஓடாதே" என்றால் பிள்ளைக்கு 'ஓடு' மட்டும்தான் காதில் விழுகிறதோ என்று தோன்றும். "மெதுவா நட, என் கையைப் பிடிச்சுக்க" என்றால் கைக்கும் காலுக்கும் வேலை கிடைக்கிறது. மறுக்க இடமில்லாத விஷயத்தைக் கேள்வியாகவும் கேட்காதீர்கள். "குளிக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பது நியாயமான பதில். "குளிக்கற நேரம். சிவப்புத் துண்டா, பச்சைத் துண்டா?" என்று எதில் தேர்வு உண்டோ அதில் மட்டும் தேர்வு கொடுங்கள். இரண்டு போதும். ஐந்து கொடுத்தால் அதுவே ஒரு அடம்.

விளையாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதுதான் நிறைய வீடுகளில் போர் வெடிக்கிறது. 'இன்னும் ஐந்து நிமிஷம்' என்பது மூன்று வயதுக்கு ஒன்றும் விளங்காத கணக்கு. எண்ணக்கூடியதாகச் சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கு, அப்புறம் செருப்பு." இரண்டு முடிந்ததும் எழுந்துவிடுங்கள். மூன்றாவதுக்கு ஒருநாள் விட்டால், மறுநாள் அது நான்காவதைக் கேட்கும்.

பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும், டாக்டர் ஊசி போட்டுடுவார் என்று பயமுறுத்தி வேலை வாங்குவது அந்த நேரத்துக்குப் பலிக்கும். பிறகு ஒருநாள் நிஜமாகவே ஊசி போட வேண்டியிருக்கும், அப்போது தெரியும் நாம் விதைத்தது.

ஆறாம் படி: அடம் வந்தே விட்டால்

சரி, இப்போது ஷூ பறக்கிறது. முதலில் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் அடிபடாமல் பாருங்கள். பொது இடமென்றால் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போங்கள். சுற்றியிருப்பவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள், பார்க்கட்டும். பிறகு பக்கத்திலேயே உட்காருங்கள். பேச்சைக் குறையுங்கள். "நீயே போடணும்னு இருந்த. கோபம். நான் இங்கதான் இருக்கேன்." இதற்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் நியாயம் பேசுவது, மன்னிப்புக் கேட்க வைப்பது, பாடம் நடத்துவது எதுவும் உள்ளே போகாது. பெரும்பாலான அடங்கள் சில நிமிடங்களில் தானாகவே வடியும், அது நமக்குத்தான் ஒரு யுகம். சில பிள்ளைகள் அணைத்தால் அடங்கும், சில பிள்ளைகள் தொட்டாலே கூடும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்டதை மறுத்துவிட்டீர்கள் என்றால் அழுகைக்காகக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் போகிறீர்கள் என்று தெரிந்தால் முதல் சிணுங்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இருபது நிமிடம் அழவிட்டுப் பிறகு கொடுப்பதுதான் மிக மோசம். இருபது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். இன்னொரு எச்சரிக்கை: இதுவரை அழுகைக்கு மசிந்தவர்கள் மசிவதை நிறுத்தினால், முதலில் அடம் கூடும், அப்புறம்தான் குறையும். பழைய சாவி திறக்கவில்லை என்றால் நாமும் இன்னும் அழுத்தித் திருகிப் பார்க்க மாட்டோமா? அந்தக் கூடுதலைப் பார்த்து, 'இது நமக்குச் சரிப்படாது' என்று விடுகிறவர்கள் நிறைய.

கண்டுகொள்ளாமல் விடுவது சிணுங்கலுக்கும் நை நை என்ற நச்சரிப்புக்கும் மட்டும்தான். அடிப்பது, கடிப்பது என்றால் கையைப் பிடித்து நிறுத்தி "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். எல்லாம் அடங்கி, தண்ணீர் குடித்து, முகம் தெளிந்த பிறகு, அன்று மாலையோ தூங்கும் முன்போ இரண்டு வரி பேசலாம்: "காலையில ஷூ எறிஞ்ச. கோபம் வந்தா எறியாம என்ன பண்ணலாம்?" பொம்மையை வைத்து நடித்தும் காட்டலாம். என் மகள் கரடிப் பொம்மைக்கு நல்ல புத்தி சொல்வதில் கெட்டிக்காரி.

ஏழாம் படி: எல்லையும் விளைவும்

வீட்டுக்கு மூன்று விதிகளுக்கு மேல் வேண்டாம். பத்து விதி இருந்தால் அவற்றைக் காப்பாற்றும் தெம்பு நமக்கே இருக்காது.

விதியை மீறினால் வரும் விளைவு, செய்த செயலோடு ஒட்டியிருக்க வேண்டும். ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் வலியுறுத்தியது இது. கட்டையை எறிந்தால் கட்டை கொஞ்ச நேரம் அலமாரிக்கு மேலே போகும். தண்ணீரைக் கொட்டினால் துணி எடுத்து நம்மோடு சேர்ந்து துடைக்கும். கட்டை எறிந்ததற்கு இரவுக் கதை இல்லை என்பது வெறும் பழிவாங்கல். அதற்குள் எதற்கு என்பதையே பிள்ளை மறந்திருக்கும். விளைவு சின்னதாக, உடனே, குரல் உயராமல் இருக்கட்டும். நிறைவேற்ற முடியாததைச் சொல்லாதீர்கள். "இனிமே உன்னை வெளியவே கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்பதை நாமே நம்புவதில்லை.

தனியே உட்கார வைப்பது பற்றிப் பலரும் கேட்பார்கள். மூன்று வயதுக்கு மேல், அடிப்பது மாதிரி ஓரிரு செயல்களுக்கு மட்டும், வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், கோபமில்லாமல் செய்தால் பலன் தரும். எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தால் மழுங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து ஆறுவதே எனக்குப் பிடித்தது.

அடி? 'அடியாத மாடு படியாது' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழி மாட்டைப் பற்றியது. அடித்தால் அந்த நொடி நின்றுவிடும், அதனால்தான் அது வேலை செய்வதாகத் தோன்றுகிறது. பிறகு பிள்ளை கற்றுக்கொள்வது உங்கள் கண்ணில் படாமல் செய்வதையும், கோபம் வந்தால் கையை ஓங்குவதையும். 1979இல் சுவீடன் பெற்றோர் அடிப்பதையே சட்டத்தால் தடுத்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான், அதன் பிறகு பல நாடுகள் பின்தொடர்ந்துள்ளன.

எட்டாம் படி: நம் கோபம்

தோள் இறுகுவது, தாடை இறுகுவது, ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்வது என ஒவ்வொருவருக்கும் ஓர் அறிகுறி உண்டு. அதைக் கண்டுபிடித்து, வந்தவுடன் "அப்பாவுக்குக் கோபம் வருது, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அறையை விட்டு வெளியே போங்கள். கைக்குழந்தை விடாமல் அழுது உங்களுக்குப் பொறுமை போகிறது என்றால், அதைப் பாதுகாப்பாகத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் தள்ளி நில்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

கத்தித்தான் விட்டீர்களா? 1970களில் எட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். தாய் பழையபடி பேசத் தொடங்கியதும் மெல்ல ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகவே தாயும் குழந்தையும் பாதி நேரத்துக்கு மேல் ஒத்திசைவில்லாமல்தான் இருக்கிறார்கள், திரும்ப வந்து ஒட்டவைப்பதுதான் முக்கியம் என்று டிரானிக் சொன்னார். ஆகவே போய் ஒட்டவையுங்கள். "காலையில நான் கத்தினேன். அது என் தப்பு. நீ பயந்துட்ட." இதற்குப் பின்னால் "ஆனா நீயும்..." என்று சேர்த்தால் சொன்னதெல்லாம் வீண்.

வீட்டில் மற்றவர்களும் இருந்தால்

தாத்தா பாட்டியிடம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அடிப்பதில்லை, அழுகைக்குக் கொடுப்பதில்லை என்ற இரண்டில் மட்டும் ஒப்பந்தம் போட்டால் போதும். மற்றதில் பாட்டி வீட்டு விதி வேறு என்பதைப் பிள்ளை சுலபமாகப் புரிந்துகொள்ளும்.

மருத்துவரிடம் எப்போது

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்கள் மறைகின்றன, கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கே நாள் முழுக்க அழுகையும் வெறுமையுமாக இருந்தால் அதற்கும் மருத்துவர் உண்டு. எந்தப் படியையும்விட அது முதலில்.

எந்த வரிசையில், எவ்வளவு நாளில்

ஒரே நாளில் எட்டையும் தொடங்கினால் ஒன்பதாம் நாள் எதுவும் மிஞ்சாது. முதல் வாரம் குறிப்பும் தூக்கமும். இரண்டாம் வாரம் விளையாட்டு மட்டும். மூன்றாம் வாரம் பாராட்டைச் சேருங்கள், நான்காம் வாரம் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். விளைவுகளை அதற்குப் பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். ஐந்தாம் வாரம் மறுபடி மூன்று நாள் குறிப்பு எழுதி, பழைய தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தாளில் மாலை அடம் ஏறத்தாழ பாதியாகியிருந்தது. காலை ஷூ அடம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது பத்தியை மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு முறையும் அவளால் முடிச்சுப் போட முடியாமல்தான் தொடங்கியிருக்கிறது. நாடாவுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்கினோம். இப்போதும் வலதையும் இடதையும் மாற்றித்தான் போடுகிறாள்.